அரிசி டிரம்மில் இருந்த மெக்சிகோ தம்பதி

எனக்கு விழுப்புரத்தில் சீட் கவர் தைக்கிற கடை. மோட்டார் சைக்கிள், ஷேர் ஆட்டோ, எப்போதாவது ஒரு டவுன் பஸ்ஸின் டிரைவர் சீட். ஒன்பதாவது வரை படித்தேன். புத்தகத்தைவிட ரெக்சின் என் கையில் நன்றாக மடங்கியது, அதோடு போய்விட்டேன். காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சிவபெருமானுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன். பிரதோஷம் என்றால் பனமலை சிவன் கோயிலுக்கு ஏறிவிட்டு வருவேன். முட்டி வலித்தாலும் ஏறுவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நெற்றியில் விபூதி இருக்கும்போது பொய் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் இது பெரிய தொல்லை. "எப்பண்ணே கெடைக்கும்?" என்று ஒருவன் கேட்டால் "நாளைக்கு" என்றுதான் சொல்லியாக வேண்டும். உண்மையில் நான்கு நாள் ஆகும். நான்கு நாள் என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். அதனால் உள்ளே போய், வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டு, வெளியே வந்து "நாளைக்கு சாயந்தரம் வாப்பா" என்பேன். அவன் போனதும் மறுபடி பூசிக்கொள்வேன். இது சாமியை ஏமாற்றுவது ஆகாதா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். ஆகும்தான். பூசிக்கொண்டே ஏமாற்றுவதைவிட இது கொஞ்சம் குறைவு என்று நான் மனதைத் தேற்றி வைத்திருக்கிறேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மகனுடைய கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்த விபூதியில் வந்து மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டவை இரண்டு மண் பொம்மைகள்.

எங்களுக்கு ஒரே பையன். பாலிடெக்னிக் படித்து, கார் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அவர்கள் அவனை மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்தான். என் மனைவி சென்ட் பாட்டிலை எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வரும் என்று நினைப்பு. அவனோ ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு மண் பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம்.

"இன்னாடா இது? இத்தச் சொமந்துக்கினா கடல் தாண்டி வந்த? நம்ம அய்யனாரு கோயில்ல கெடக்காத பொம்மையா?" என்றாள் அவள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் பக்கத்தில் மண் பொம்மைக்குப் பஞ்சம் கிடையாது. காய்ச்சல் தீர்ந்தால், பிள்ளை பிறந்தால், வேண்டிக்கொண்டபடி அய்யனார் கோயிலில் ஆள் பொம்மை, கைக்குழந்தைப் பொம்மை என்று கொண்டுபோய் வைப்பார்கள். வைத்தது வைத்ததுதான். மழையில் கரைந்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். வீட்டுக்குத் திருப்பி எடுத்துவருவது என்கிற பேச்சே இல்லை. எடுத்தால், தீர்ந்த வியாதி கூடவே வந்துவிடும் என்று எங்கள் ஜனங்கள் நம்புகிறார்கள். நானும்தான்.

"இது கோயில் பொம்மை இல்லம்மா" என்றான் மகன். கொலம்பஸ் அந்தப் பக்கம் கப்பல் விடுவதற்கு ரொம்ப காலம் முன்னால், சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்தவர்கள் இப்படி ஜோடி ஜோடியாகச் செய்தார்களாம். பழசை விற்பதும் வாங்குவதும் குற்றம். இது அங்கே இருக்கிற ஒரு குயவர் பழசைப் பார்த்து அப்படியே செய்தது. புதுசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டும் இருந்தது.

"யாரு இவங்க? சாமியா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் சரியாத் தெரியாதுப்பா. புருஷன் பொண்டாட்டின்னு சொல்றாங்க, குடும்பத்து முன்னோருன்னும் சொல்றாங்க. அவங்க எதையும் எழுதி வைக்கலை" என்றவன், அம்மா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான். "செத்தவங்ககூட பொதைக்கிறதுக்குச் செஞ்சதுப்பா. கிணறு மாதிரி ஆழமா எறங்கி, அடியில ரூம் வெட்டி, அதுல ஆளைப் படுக்க வச்சு, பக்கத்துல இந்தப் பொம்மைங்களை வைப்பாங்களாம். அம்மாகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது.

அவன் போன பிறகு டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அலமாரியில் அவர்கள் இருந்தார்கள். தினமும் தூசி தட்டுவது என் வேலை. தட்டித் தட்டி எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. தைக்கிறவன் கண் எதிலும் முதலில் தையலைத்தான் தேடும். கழுத்து உடம்போடு சேருகிற இடம், கை தோளோடு சேருகிற இடம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியவில்லை. உள்ளே முழுக்கக் காலி. தட்டினால் கடம் மாதிரி ஒரு சத்தம். தலைக்குப் பின்னால் சுண்டு விரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டை, சூளையில் வேகும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற. அது இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று மகன் சொல்லியிருந்தான்.

மேலே செம்மண் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருந்தார்கள். முகம் நீளம், மூக்கு கிளி மூக்கு. கண் என்று தனியாக எதுவும் வரையவில்லை. ஒரு சின்ன மண் உருண்டையை ஒட்டி நடுவில் கத்தியால் ஒரு கீறல், அவ்வளவுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதன் பயறு நடுவில் பிளந்திருப்பதுபோல் இருக்கும். அந்தக் கீறலுக்குள் இருந்து அவர்கள் என்னைப் பார்ப்பதுபோலவும் இருக்கும், தூங்குவதுபோலவும் இருக்கும். வாய் கொஞ்சம் திறந்து பல் தெரியும். சிரிக்கிறார்களா பாடுகிறார்களா என்று நான் கடைசிவரை முடிவு செய்யவில்லை. காதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வளையங்கள். ஆணுக்கும் அப்படியே, இரண்டு பேருக்கும் மூக்கிலும் வளையம். கைகள் முறுக்கு மாவை உருட்டியதுபோல் ஒல்லி. தொடையும் காலும் தூண். முதலில் இது என்ன அளவு தெரியாமல் செய்திருக்கிறார்களே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பொம்மை சாயாமல் உட்கார வேண்டும், அதனால் கனம் கீழே. கைக்கு வேலை குறைவு, அதனால் மண்ணும் குறைவு. முகத்திலும் காதிலும் மட்டும் அந்தக் குயவர் விடாமல் உழைத்திருக்கிறார். எங்கே இழுத்துத் தைக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்று தெரிந்த ஆள்தான் அப்படிச் செய்வான்.

ஆண், தலையில் கூம்பு மாதிரி ஒரு குல்லாயோடு மடியில் சின்ன மேளம் வைத்திருந்தார். அந்த அம்மாள் தோளில் ஒரு கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையை வயிற்றில் வைத்திருந்தாள். சங்கடம் என்னவென்றால், அந்த அம்மாளுக்கு இடுப்பில் கோடு கோடாக ஒரு பாவாடை வரைந்திருந்ததே தவிர மேலே ஒன்றும் இல்லை. அவருக்குச் சட்டை மாதிரி எதையோ வரைந்திருந்தார்கள், கீழே ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செட் துணி என்று பிரித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"வூட்டுக்கு நாலு பேரு வர்றாங்க போறாங்க. எனுக்கு மானம் போவுது" என்றாள் மனைவி.

நான் கடையில் மிச்சமிருந்த வெள்ளை ரெக்சினில் அவருக்கு ஒரு வேட்டி தைத்தேன். ஓரத்தில் இரட்டைத் தையலும் போட்டேன். அந்த அம்மாளுக்குச் சிவப்பு ரெக்சினில் ஒரு சட்டை தைத்தபோது மனைவி பார்த்துவிட்டு, "ஆட்டோ சீட்டு மாதிரி கீது" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜாக்கெட் பிட்டில் இடுப்புக்குக் கீழே இறங்குகிற மாதிரி தானே தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம் போகும்போது அவர்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போவேன். கண் காது மூக்கோடு உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். மகனுக்கு முப்பத்து மூன்று வயது. ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போயின. ஒரு இடத்தில் ஜாதகம், ஒரு இடத்தில் மெக்சிகோ ரொம்பத் தூரம், ஒரு இடத்தில் காரணமே சொல்லவில்லை. எட்டாவது திண்டிவனம். பெண் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறது. லீவில் வந்தபோது போய்ப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் பிடித்தது. அவன் அங்கே போன பிறகும் போனில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் அவன் என்னிடம், "அப்பா, இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா இனிமே நான் எங்கியும் வந்து பொண்ணு பாக்க மாட்டேன். என்ன விட்ருங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னான்.

பாக்கி இருந்தது வீடு பார்க்கிற சடங்கு மட்டும்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் சாப்பிடுவார்கள், அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார்கள். அதற்கு அப்பால் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதும் முறை இல்லை.

வியாழக்கிழமை மனைவி அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, இதுங்கள எங்கனா ஒளிச்சி வைங்க. வர்றவங்க கண்ணுல படக்கூடாது. ஆள் பொம்மைய வூட்ல வச்சிக்கினு இருக்கறாங்கன்னு ஆயிடும்."

"பீரோவுல வச்சிடலாமா?"

"பீரோவத் தெறந்து காட்டுன்னு கேப்பாங்க."

"பரண்ல?"

"ஏறப்போறது யாரு, நானா? போட்டு ஒடைச்சிட்டா உங்க புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். அடுப்படியில் மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் புது அரிசி கொட்டி வைத்திருந்தோம். அரிசிக்குள் புதைத்தால் உடையாது, தெரியாது. "அரிசிக்குள்ள யாரு கைய உடப்போறாங்க?" என்றாள். அந்த நேரத்தில் அது எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. துணியை அவிழ்த்துவிட்டு வைக்கலாம் என்றேன், ரெக்சின் வாசனை அரிசியில் ஏறும். "சோத்துக்குள்ள அம்மணமாவா?" என்று முறைத்தாள். உடுத்தியபடியே இறக்கி, மேலே அரிசியைத் தள்ளிச் சமமாக்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரில் பேசியது இரண்டு பேர்தான். பெண்ணின் அப்பா, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவர். அவருடைய அக்கா, அதாவது பெண்ணின் அத்தை. அந்த அம்மாள் வாசலில் செருப்பை விடும்போதே எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரே குழப்பம். அண்ணே என்றால் பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கை ஆகிவிடும். மச்சான் என்றால் பறக்கிறான் என்று நினைப்பார். சம்மந்தி என்பது கை நனைத்த பிறகுதான். ஆகையால் "ஏங்க" என்றேன். அவரும் என்னை "ஏங்க" என்றார். ஏங்க ஏங்க என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். வடை, கேசரி, பால் பாயசம் எல்லாம் தட்டுப் போட்டு மூடிக் காத்திருந்தன.

அத்தை உட்காரவே இல்லை. மோட்டார் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளே இருந்து ஒரு தடவை, வெளியே இருந்து ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். குழாயை இரண்டு விரலால் திருகிவிட்டு, தண்ணீர் விழுமுன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், நனைந்துவிடக் கூடாது என்று. பிறகு அடுப்படிக்குள் போனாள். என் மனைவி பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன்.

"எந்தக் கடை அரிசி?" என்றாள் அத்தை. பதிலுக்குக் காத்திராமல் டிரம் மூடியைத் தூக்கினாள். "பழசா புதுசா?" என்று முழங்கை வரை கையை விட்டு அடி அரிசியை அள்ளப் பார்த்தாள்.

முகம் மாறியது. இழுத்தாள். கையோடு ஒரு கூம்புக் குல்லாய் வந்தது. அப்புறம் கிளி மூக்கு, காது நிறைய வளையம், பல் தெரிகிற வாய். கடைசியாக, அரிசி உதிர உதிர, வெள்ளை ரெக்சின் வேட்டி.

"ஐயோ சாமி!" என்று கத்திவிட்டாள். ஆனாலும் பிடியை விடவில்லை. அதை நான் இன்றுவரை நினைத்துப் பார்ப்பதுண்டு. வேறு யாராக இருந்தாலும் கீழே போட்டிருப்பார்கள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார்கள். "இன்னொண்ணு கீது உள்ள" என்று சொல்லி, அத்தை பெண் பொம்மையையும் வெளியே எடுத்து அடுப்பு மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். துணி கட்டிய ஜோடிப் பொம்மை, தலைக்குப் பின்னால் ஓட்டை, அரிசிக்குள் புதைத்து மூடி. வெளியே அலமாரியில் இருந்திருந்தால் வேடிக்கைப் பொருளாகப் போயிருக்கும். ஒளித்து வைத்த பிறகு அது சூனியமாகத்தான் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண்ணின் அப்பா குரலைக் கனமாக்கிக்கொண்டார். "இன்னாங்க இது? யாருக்கு வச்சிருக்கீங்க?"

"யாருக்கும் வைக்கலீங்க. பையன் மெக்சிகோவுல இருந்து எடுத்தாந்தான்."

"கோயில்ல வச்சதை எடுத்தாந்துட்டாரா?"

"கோயில் பொம்மை இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க இத்தப் பண்றாங்க அந்த ஊர்ல? கொலு வைக்கவா?"

கொலுவுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே பதிலை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். என் மனைவிக்கும் அது புரிந்துவிட்டது. அவளுக்குக் குழி விஷயம் தெரியாது, ஆனால் என் முழியைப் பார்த்தே சொல்லக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டாள். முப்பத்தைந்து வருஷமாக என்னைப் பார்க்கிறவள். கொடியில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, வேர்த்து ஊத்துது. நெத்தியத் தொடைச்சிக்கினு அப்பால பேசுங்க."

ஏழு பேரும் என் நெற்றியைப் பார்த்தார்கள்.

துண்டைக் கையில் வாங்கினேன். மகன் மெதுவாகச் சொன்னது காதில் கேட்டது. சிவபெருமானே, இது சீட் கவர் இல்லையே, என் பிள்ளையாச்சே என்று மனதுக்குள் அழுதேன். துண்டு புருவம் வரை போனது. ஆனால் கடையில் துடைப்பது ஒரு நாள் பொய்க்கு. சொன்ன நாளில் தைத்துக் கொடுக்காவிட்டாலும் ஐந்தாம் நாளாவது கொடுத்துவிடுவேன். இது அப்படி இல்லை. அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வாழ வந்தால், நான் சாகும்வரை துடைத்த நெற்றியோடுதான் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். துண்டால் கழுத்தை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

"கொலுவுக்கு இல்லீங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி, செத்தவங்க கூட குழியில வைக்கிறதுக்குச் செஞ்சதுங்க" என்றேன்.

என் மனைவி "ஆ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே அது புதுச் செய்தி.

"ஆனா இது குழியில இருந்து வந்தது இல்லீங்க. அதைப் பாத்து இப்ப செஞ்சது. சீட்டு கூட இருக்குது" என்று அவசரமாகச் சேர்த்தேன்.

"பாடையப் பாத்து அதே மாதிரி கட்டில் செஞ்சா நீங்க படுப்பீங்களா?" என்றார் அவர்.

நல்ல கேள்வி. அவர் திரும்பி வாசலுக்கு நடந்தார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஒரு செருப்பில் காலை நுழைத்துவிட்டார். மூடி வைத்த பாயசத்தை நான் பார்த்தேன். அதில் ஆடை கட்டியிருக்கும் என்று தோன்றியது. அந்த நேரத்தில் ஏன் அதை நினைத்தேன் என்று தெரியவில்லை.

அத்தை மட்டும் மேடையை விட்டு நகரவில்லை.

"ஏம்பா, எம்மாம் ஆழம் குழி வெட்டுவாங்க?" என்றாள்.

"கெணறு மாதிரி எறங்குமாம், அம்மா. அடியில ரூம் இருக்குமாம்."

"கெணறு மாதிரியா?" என்று இழுத்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், நில்றா."

"அக்கா, வா போலாம். நேரம் ஆவுது."

"நில்றான்னா. மேலண்ட நெலத்துல நீ கெணறு வெட்டுனப்ப இன்னாடா வந்துச்சு?"

"இப்ப அது எதுக்கு?"

"பெரிய பானை வந்துச்சா இல்லியா? உள்ள எலும்பு இருந்துச்சா இல்லியா? பழங்காலத்துல ஆளை உள்ள வச்சிப் பொதைச்ச தாழின்னு வாத்தியாரு வந்து சொன்னாரா இல்லியா?"

அவர் ஒரு கால் செருப்போடு நின்றார். கூட வந்தவர்கள் அவரைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தார்கள்.

"சும்மா இருக்கா."

"எலும்ப மண்ணைப் போட்டு மூடிட்ட. பானைய இன்னா பண்ண? சொல்லேன். வெக்கமா கீதா? நான் சொல்றேன்." அத்தை என் மனைவி பக்கம் திரும்பினாள். "மாட்டுத் தொழுவுல வச்சி கழனித்தண்ணி ஊத்திக்கினு கீறாம்மா, மூணு வருசமா. ரெண்டு பசுவும் அதுலதான் குடிக்குது. அந்தப் பால்ல போட்ட டீயத்தான் நாங்க எல்லாரும் குடிக்கிறோம். இவரு இங்க வந்து பாடை கட்டில்னு நாயம் பேசறாரு!"

கூட வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது தொற்றிக்கொண்டது. பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏங்க, நீங்க பக்தியுள்ள ஆளு. தப்புங்களா அது?"

"எனக்கு அவ்ளோ ஞானம் கெடையாதுங்க" என்றேன். உண்மைதான். கொஞ்சம் யோசித்து, "மாடு ஒழுங்கா கறக்குதா?" என்று கேட்டேன்.

"வேளைக்கு ஒம்போது லிட்டரு."

"அப்ப தாழியில இருந்தவருக்குக் கோவம் இல்லீங்க. இருந்தாலும் தாசில்தார் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பழம்பொருள் ஆச்சே."

"சொன்னா மாட்டையும் சேத்து எடுத்துக்கினு போயிடுவாங்களோன்னுதான்" என்று முனகினார்.

அத்தை இதற்குள் பெண் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் பிட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அட, பாவாடையில கோலம் கீது பாரு. இத்தப் போயி மறைச்சி வச்சிருக்கீங்க. வயித்துல கைய எப்படி வச்சிக்கினு கீறா பாரு, சாப்ட்டு முடிச்ச மாதிரி." பிறகு காதைப் பார்த்தாள். வளையங்களை எண்ணினாள். "டேய், உம் பொண்ணு காதுல மூணாவது ஓட்டை குத்திக்கினு வந்ததுக்கு, குடும்பப் பொண்ணான்னு ஒரு வாரம் பேசாம இருந்தியே. இங்க பாரு, ஏழு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே."

"அக்கா, போதுங்கா."

"எனுக்குப் போதாது. பசிக்குது. ஏம்மா, வடை ஆறிப்போச்சா?"

என் மனைவி தட்டைத் தூக்கினாள், ஆனால் வைக்கவில்லை. முறைப்படி பெண்ணின் அப்பா முதலில் கை நனைக்க வேண்டும். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் மேடையில் இருந்த ஜோடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரெக்சின் வேட்டியைப் பார்த்தபோது அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"இது யாரு தச்சது?"

"நான்தாங்க."

"ரெட்டைத் தையலு" என்றார். அப்புறம் எழுந்து, பின்கட்டுக் குழாயில், எல்லாரும் பார்க்கும்படி, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை நனைத்துக் கழுவினார்.

ஐந்து வடை சாப்பிட்டார். பாயசத்தில் ஆடை கட்டித்தான் இருந்தது.

அவர்கள் போனதும் மகனுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். மனைவி போனைப் பிடுங்கி, குழி விஷயத்தைத் தன்னிடம் மறைத்ததற்கு அப்பனையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து அரை மணி நேரம் வாங்கினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சோறு புது ஆட்டோவில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் மணத்தது. பொம்மைகளை நான் மறுபடி அலமாரியில் வைத்தேன். வேட்டியும் ஜாக்கெட்டும் வேண்டாம், அந்தக் கோலம் வெளியே தெரியட்டும் என்று மனைவியே அவிழ்த்துவிட்டாள். கற்பூரம் காட்டும்போது மட்டும் நான் அவர் பக்கம் கொஞ்சம் மேலேயே பார்த்துக்கொள்கிறேன்.

நான்கு நாள் கழித்து, கடையில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "எப்பண்ணே கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். துண்டை எடுக்கப் போனேன், அதற்குள் போன் அடித்தது. திண்டிவனத்தில் இருந்து அவர்தான்.

"சம்மந்தி," என்றார். நலம்கூட விசாரிக்கவில்லை. "ஒரே பேஜாரா பூடுச்சு. ஆபீஸ்ல சொல்லிட்டேன், வந்து பாக்கறோம்னாங்க. சரி, அதுவரைக்கும் அதுல தண்ணி ஊத்த வேணாமேன்னு தாழியக் கழுவி ஓரமா வச்சிட்டு, சிமெண்டுத் தொட்டி ஒண்ணு வாங்கியாந்து போட்டேன். ரெண்டு மாடும் தொட்டியில வாய வைக்க மாட்டேங்குது. நேத்துலேர்ந்து தாழியவே பாத்துக் கத்திக்கினு நிக்குது. இன்னா பண்றது?"

"அவங்க வர்ற வரைக்கும் தாழியிலயே ஊத்துங்க சம்மந்தி, வாயில்லாத ஜீவன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நானும் அவரைச் சம்மந்தி என்று கூப்பிட்டுவிட்டது உறைத்தது. மோட்டார் சைக்கிள் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு, "நாலு நாள் ஆகும்பா" என்றேன்.

அவன் நம்பவில்லை. மறுநாள் சாயந்தரமே வந்து நின்றான்.